கணக்குப்பிள்ளையின் மனைவி

1997 ஆகஸ்ட் 20, புதன்கிழமை. காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். குழாயில் தண்ணீர் நன்றாக வந்தது, தொட்டி நிரம்பியது. இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். என் கணவர் சாப்பிட்டுவிட்டுப் போளூர் பஸ்ஸுக்குப் புறப்பட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கு எழுத்தர் வேலை. மாமனார் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, முன்கூடத்து மேசையில் முந்தின நாள் வந்த பட்டுச் சேலை ஒன்றை விரித்துக் குறை பார்க்க உட்கார்ந்தார். நான் வெந்நீர் அடுப்புச் சாம்பலை மெல்லிய துணியில் சலித்து ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துவைத்தேன். அலமாரியிலிருந்து கதைப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினேன். அன்று எங்கள் வீட்டில் பாவு பிணைக்கும் நாள்.

அதே புத்தகம் இப்போதும் என் மேசை மேல்தான் இருக்கிறது. பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. பின்பாதியில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் சாம்பல் படிந்த கட்டைவிரல் தடம் ஒன்று உண்டு. ஒரு தடவை அழிரப்பர் எடுத்து அதைத் துடைக்கப் போய், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன். அந்த விரலுக்கு உரியவரைப் பற்றியும், அவர் சொல்லித்தான் நான் கவனித்த ஒரு கதாபாத்திரத்தைப் பற்றியும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

பட்டுத் தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைத்தொகுதி, நெய்து முடிந்தால் அதன் கடைசி நுனியை அறுத்து எறிந்துவிடுவதில்லை. அது தறியில் கோத்தபடியே இருக்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய நுனியின் ஒவ்வோர் இழையோடு சேர்த்து விரலால் திரித்து ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் இழைகள். பட்டு வழுக்கும், அதற்குத்தான் சாம்பல். இந்த வேலைக்கென்றே ஊரில் சில பெண்கள் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்தவரைப் பிணைக்கிற அக்கா என்போம். காலையில் வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தால் இருட்டுவதற்குள் முடித்துவிட்டுப் போவார். ஒல்லியானவர், வெற்றிலை போடமாட்டார், பேச்சும் குறைவு.

மாமனார் ஊரிலுள்ள பல தறிக்காரர்களுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளி. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு தறிதான். புது டிசைன் எதுவானாலும் முதலில் அதில்தான் நெய்து பார்ப்பார். அந்தத் தறி ஓடுகிற நாட்களில் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பாவு பிணைக்கிற அன்று மட்டும் தறி சும்மா இருக்கும், நெய்கிறவருக்கு லீவு. மாதத்தில் ஒரு நாள் கிடைக்கும் அந்த அமைதியை வீணாக்கக் கூடாது என்று கதை வாசிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவர் மாமனார். மாமியார் இருந்தவரை அவர் வாசித்தாராம். நான் மருமகளாக வந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. மாதத்துக்கு ஒரு நாள் வாசித்தால் ஒரு தடிமனான நாவல் முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இடையில் வரும் நாட்களெல்லாம் அதைப் பற்றி வாதாடுவோம். சாப்பாட்டு வேளையில், சேலை மடிக்கும்போது, மாமனார் செய்தித்தாளிலிருந்து தலை தூக்கும்போது என்று வாதம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்தப் புத்தகம் மாமனார் வேலூரில் பழைய புத்தகக் கடை ஒன்றில் வாங்கியது. தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தது; எங்கள் வீட்டில் அதற்கு மிராசு கதை என்று பேர். நேர்மையான ஒரு மிராசுதார். அவர் மேல் பொறாமை கொண்ட பங்காளி. மிராசுதாரிடம் காலமெல்லாம் வேலை பார்த்த கணக்குப்பிள்ளை. பங்காளியின் களத்தில் நெற்போர் தீப்பற்றி எரிகிறது. மிராசுதார்தான் தீ வைத்தார், என் கண்ணால் பார்த்தேன் என்று கணக்குப்பிள்ளை கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொல்கிறார். மிராசுதார் சிறைக்குப் போகிறார். நல்லவர் கெட்டு, துரோகி நிற்கும் கதை. பாதிக்கு மேல் துரோகியும் கெடுகிறான். வாசிக்கிறவர்கள் எல்லாரும் மிராசுதாருக்காக அழ வேண்டும் என்றுதான் ஆசிரியர் எழுதியிருந்தார். மாமனார் ஒழுங்காக அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. கணக்குப்பிள்ளைதான் பரிதாபத்துக்குரியவர் என்று முதலிலிருந்தே எனக்குத் தோன்றிவிட்டது.

என் கட்சிக்கு ஆதாரம் இருந்தது. சாட்சி சொல்வதற்கு முன்பு பங்காளி கணக்குப்பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைக்கிறான். பணம் தருவதாகச் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறான், அவ்வளவுதான். கணக்குப்பிள்ளை உட்காருகிறார். மிராசுதார் வீட்டில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததே இல்லை. அந்த நாற்காலிதான் அவரை விலைக்கு வாங்கியது என்றேன். மாமனார் என்னை வக்கீலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

"நாற்காலி குடுத்தா சாட்சிய மாத்திச் சொல்லிடுவானா? அப்ப நானும் கடைக்குப் போயி நாலு ஸ்டூலு வாங்கியாந்து போடணும்னு சொல்ற, அதானே?"

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சேலை கொண்டுவரும் தறிக்காரர்கள் எங்கள் முன்கூடத்து மேசைக்கு எதிரே கைகட்டி நிற்பார்கள். மாமனார் உட்கார்ந்து குறை பார்ப்பார். யாரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை, நிற்கிறவர்கள் உட்பட. நான் கதையைப் பற்றித்தான் பேசினேன். அவர் வீட்டைப் பற்றிக் கேட்டார். ஸ்டூல் வாங்கவில்லை.

இதெல்லாம் பிணைக்கிற அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போது நடந்த பேச்சு. அதில் ஒரு சங்கடம் இருந்தது. அவருடைய வீட்டுக்காரர்தான் எங்கள் வீட்டுத் தறியில் முன்பு நெய்தவர். மாமனார் கட்டம் போட்ட தாளில் தன் கையால் வரைந்த கிளிக் கரை ஒன்றை முதன்முதலில் நெய்துகாட்டியவர். கொடியில் எதிரெதிராக இரண்டு கிளிகள். டிசைன் முழுவதும் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேலே மாட்டினால் அந்த வரிசைப்படி கரையில் உருவம் விழும். அட்டை யார் கையில் இருக்கிறதோ டிசைன் அவருடையது. கிளி அட்டையில் ஒரு சின்னப் பிழை. ஒரு துளை விடுபட்டு, வலப்பக்கக் கிளிக்குக் கண் விழவில்லை. சரி செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாமனார் சில சேலைகளை நெய்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் போளூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எங்களுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் முந்தானைக் கரையையே மாமனார் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது. "மாமா, எல்லாரும் பாக்கறாங்க" என்று நான் முழங்கையால் இடித்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்: "கிளிக்குக் கண்ணு இல்லம்மா." அந்த அம்மாள் சேலை வாங்கிய கடைக்கு நாங்கள் சரக்கே கொடுத்ததில்லை. எங்கள் ஊர் ஆரணியிலேயே இன்னொரு முதலாளியிடமிருந்து வந்த சேலை அது. விட்டுப்போன துளை வரைக்கும் அப்படியே நகல் எடுத்திருந்தார்கள்.

மறுநாள் கேட்டபோது அக்காவின் வீட்டுக்காரர் மறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டையை எடுத்துப் போனது உண்மை. "காட்டத்தான் எடுத்துகினு போனேன் முதலாளி. அந்த முதலாளி, உன்னாட்டம் இந்தக் கரைய நெய்ய ஊர்ல ஆள் இல்லன்னாரு. எப்படி விழுதுன்னு காட்டச் சொன்னாரு" என்றார். வேறெதையும் அவர் சொல்லவில்லை. மாமனார் அன்றோடு அவரை எங்கள் தறியிலிருந்து விலக்கி, அவர் வீட்டுத் தறிக்குப் பாவு கொடுப்பதையும் நிறுத்தினார். விஷயம் தெரிந்தபின் ஊரில் வேறு எந்த முதலாளியும் கொடுக்கவில்லை. நகல் எடுத்தவர்கூடக் கொடுக்கவில்லை. அவர் சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குக் கூலிக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஆனால் அக்காவைப் பிணைப்பு வேலையிலிருந்து மாமனார் நிறுத்தவில்லை. தப்பு செய்தவன் அவன், அவள் என்ன செய்தாள் என்பார். அதில் அவருக்குத் தன் நியாயத்தின் மேல் கொஞ்சம் பெருமையும் உண்டு. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கணக்குப்பிள்ளைக்காக நான் வாதாடும்போதெல்லாம் இந்த மனிதருக்காகவும் சேர்த்துத்தான் வாதாடுகிறேன் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன். மாமனாருக்கும் அது தெரியும். தெரிந்தே ஒவ்வொரு தடவையும் என்னைத் தோற்கடிப்பார். அக்கா குனிந்த தலை நிமிராமல் இழை திரித்துக்கொண்டிருப்பார். அவர் வீட்டுத் தறி வெறுமையாகக் கிடக்க, அவர் வந்து எங்கள் தறிக்குப் பாவு பிணைத்துவிட்டுப் போகிறார் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமை கடைசி அத்தியாயங்கள் பாக்கி இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமனார் தறிக்கூடத்துக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் வாசித்தேன். மிராசுதார் விடுதலையாகி ஊர் திரும்புகிறார். நொடித்துப்போன கணக்குப்பிள்ளை அவர் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். மிராசுதார் அவரைப் பார்க்கிறார். ஒன்றும் பேசாமல் தாண்டிப் போய்விடுகிறார். கதை முடிந்தது.

"சரியாத்தான் எழுதிகிறான். தாண்டிப் போனான் பாரு, அதுக்கு மேல தண்டனை இல்ல" என்றார் மாமனார்.

நான் விடவில்லை. அடித்திருந்தால்கூட அந்த மனிதரை ஒரு ஆளாக மதித்ததாகியிருக்கும். இப்படித் தாண்டிப் போனது பழைய மிராசுதாரின் அதே திமிர், சிறைக்குப் போயும் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடத் தெரியவில்லை என்றேன். மாமனார் சிரித்தார். "வக்கீலம்மா, தீர்ப்பு வந்துருச்சு. கேஸ் கட்ட மூடு" என்றார்.

அப்போது தறிக்குழி ஓரத்திலிருந்து அக்கா பேசினார். கைவேலையை நிறுத்தவில்லை.

"ஏம்மா, அந்தக் கல்லெல்லாம் பொறுக்குனவ இன்னா ஆனா?"

எனக்குப் புரியவில்லை. எந்தக் கல் என்று கேட்டேன். புத்தகத்தைக் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு பின்பாதியில் தேடி ஒரு பக்கத்தை எடுத்து, கட்டைவிரலை வைத்துக் காட்டினார். பொய்ச் சாட்சி அம்பலமான பிறகு ஊர்ப் பையன்கள் கணக்குப்பிள்ளை வீட்டின் மேல் கல்லெறிகிறார்கள். காலையில் அவர் மனைவி முற்றத்தில் விழுந்த கற்களைப் பொறுக்கிக் கிணற்றடியில் குவித்தாள் என்று ஒரு வாக்கியம். ஒரே வாக்கியம். நானே வாசித்தது. குரலில் ஏற்ற இறக்கம்கூட இல்லாமல் கடந்திருப்பேன்.

"கோர்ட்டுக்குப் போறதுக்கு மொதநாளு அவருக்கு சோறு போட்டா. அப்புறம் கல்லு பொறுக்குனா. அவ்ளோதான் அவ கதை. ஒரு பேருகூட வைக்கல. ஒரு வருசமா நீங்களும் முதலாளியும் இந்த ஆம்பளைங்க ரெண்டு பேருக்காவ மாறி மாறிப் பேசிகினு இருக்கீங்க. அந்தாளு நாற்காலியில உக்காந்தாரு, சுகப்பட்டாரு, அனுபவிச்சாரு. இவ எங்க உக்காந்தா?"

மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, இப்போது அவர் பக்கம் திரும்பினார்.

"என் வூட்டுத் தறியில பழைய பாவு நுனி அப்படியே இருக்குது முதலாளி. எலி கடிக்காம தெனம் பாத்துகினு இருக்கேன். ஒரு பாவு குடுங்க. என் பேர்ல குடுங்க."

எங்கள் ஊரில் பெண்கள் நெய்வது புதிதல்ல. வீட்டுக்கு வீடு நெய்கிறார்கள். ஆனால் பாவு வீட்டு ஆண் பேரில்தான் வரும். இல்லாதுபோனால் மகன் பேரில். மாமனார் சுவரை விட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"தறியில யாரு உக்காருவா?"

"நாந்தான்."

"கோர்வைச் சேலைம்மா அது."

கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாக்கட்டை உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒன்று. மிதியை மிதித்து நெய்கிறவருக்குப் பக்கத்தில், கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் உட்கார வேண்டும். அது எடுபிடி வேலை. வழக்கமாக மனைவியோ சின்னப் பையனோ உட்காருகிற இடம்.

"தெரியும். பக்கத்துல அவரு உக்காருவாரு" என்றார் அக்கா.

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். ஊரிலேயே சிறந்த நெசவாளி என்று சொன்ன ஒரு பாராட்டுக்காக அட்டையைத் தூக்கிக்கொண்டு போன மனிதர், மனைவியின் தறியில் எடுபிடியாக உட்காருவதை அவர் மனதில் பார்த்திருக்க வேண்டும். அவர் உதட்டில் சிரிப்பு வந்ததா என்று நான் கவனித்தேன். வரவில்லை.

"ஒத்துக்குவானா?"

"ஒத்துக்கினா பக்கத்துல உக்காரட்டும். இல்லன்னா எதிர்க்க உக்காந்து பாக்கட்டும். உங்க அட்டை எங்க வூட்டுக்கு வந்தா, அது என் பொறுப்பு. அவரு பொறுப்பு இல்ல."

மாமனார் எழுந்துகொண்டார். "மொதல்ல இதப் பிணைச்சு முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்கூடத்துக்குப் போய்விட்டார். அக்கா மறுபடி சாம்பல் தொட்டுக்கொண்டார். சாயங்காலம் வேலை முடித்து, பிணைப்பை மெல்ல இழுத்துப் பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார். இரவு சாப்பாட்டின்போது மாமனார் என்னோடு வாதாடவில்லை. கதை முடிந்த அன்று அப்படி இருந்தது அதுவே முதல் தடவை.

நான் எதையும் ஒழுங்காக எழுதிவைக்கிறவள். அதனால் இதையும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கணக்குப்பிள்ளை பரிதாபத்துக்குரியவர் என்ற என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. காலமெல்லாம் நிற்க வைக்கப்பட்டவன் ஒரு நாற்காலிக்கு விழுந்தான் என்பதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு மனது கனக்கிறது. மிராசுதாருக்கும் ஒரு பங்கு கொடுக்கலாம், சிறை சிறைதான். ஆனால் இந்த இருவருக்கும் ஆசிரியர் பக்கம் பக்கமாக இடம் கொடுத்திருக்கிறார். ஒருவர் நொந்துகொள்கிறார், இன்னொருவர் மன்னிக்க மறுக்கிறார். இருவருக்கும் பேச வாய் இருக்கிறது. தப்பும் செய்யாமல், தீங்கிழைக்கப்பட்டவள் என்ற பெயரும் கிடைக்காமல், அடுத்தவன் செய்ததன் விளைவைக் காலையில் குனிந்து பொறுக்கியவளுக்கு ஒரு வாக்கியம். எந்தக் கதையை வாசித்தாலும் இப்போது நான் முதலில் தேடுவது அந்த வாக்கியத்தைத்தான். பெரும்பாலும் இருக்கிறது. எழுதியவர்கள் அறியாமலே எழுதிவிடுகிறார்கள்.

மாமனார் காலமாகி சில வருடங்கள் ஆகின்றன. வீட்டுத் தறியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் என் கணவரின் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அக்கா வீட்டில் தறி ஓடுகிறது. போன மாதம் அந்தத் தெரு வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். அக்கா மிதித்துக்கொண்டிருந்தார், அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தார். இன்னுமா என்று ஜாடையில் கேட்டேன். அவரே பதில் சொன்னார்: "மொதல்ல பேஜாராத்தான் இருந்துச்சு. இப்ப இவ மிதிக்கிற வேகம் எனக்கு வராது." அக்கா அவரைப் பார்க்காமல், "பேசிகினே நாடாவ விட்டுடாத" என்றார்.

புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து, விரல்தடத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். என் விரல் பெரியது.

1997 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை. எமகண்டம் கழியட்டும் என்று மாமனார் காத்திருந்தார். கழிந்ததும், வேறெந்த வேலையும் தொடங்குவதற்கு முன், அலமாரியிலிருந்து புதுப் பாவை இறக்கச் சொல்லித் தோளில் வைத்துக்கொண்டார். அதற்கு முன் அவர் பாவை எந்தத் தறிக்காரர் வீட்டுக்கும் சுமந்து போனதில்லை. அவர்கள்தான் வந்து வாங்கிப் போவார்கள். கிளி அட்டைகளை என்னிடம் கொடுத்துக் கூட வரச் சொன்னார். போகும் வழியில், "ஏம்மா, அந்தப் பொண்ணு பேரு இன்னா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் நாட்குறிப்பில் அதுவரை எல்லா இடத்திலும் பிணைக்கிற அக்கா என்றுதான் இருந்தது. வீட்டு வாசலில் எங்களைக் கண்டதும் அக்காவின் வீட்டுக்காரர் பதறி எழுந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார். மாமனார் பாவைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அவரைத் தாண்டி உள்ளே பார்த்து, "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டார். அக்கா வெளியே வந்து, நெற்றியில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு, தன் பெயரைச் சொன்னார். அதன் பிறகுதான் பாவு கை மாறியது.